சியாட்டில்காரர்கள் மெட்டலைக் கொன்றார்களா?

கேள்வி இதுதான்: 1991-இல் சியாட்டில் வட்டாரப் பேண்டான நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' ஆல்பம் வந்ததும் மெட்டல் செத்துப்போனது என்கிறார்களே, அது உண்மையா? அதே ஊரின் சவுண்ட்கார்டன், ஆலிஸ் இன் செயின்ஸ் போன்ற பேண்டுகளை மெட்டல் என்று சொல்வதா, ஆல்டர்நேட்டிவ் ராக் என்று சொல்வதா? புதிதாகக் கேட்பவர் எங்கே தொடங்கலாம்?

மெட்டல் சாகவில்லை. செத்தது லாஸ் ஏஞ்சல்ஸின் சன்செட் ஸ்ட்ரிப் கிளப்புகளில் வளர்ந்த கிளாம் மெட்டல் மட்டும்தான். ஸ்ப்ரே அடித்த முடி, இறுக்கமான உடை, ஆல்பத்துக்கு ஒரு பவர் பாலட் என்று அச்சில் வார்த்ததுபோல் வந்துகொண்டிருந்த வகை அது. 1990-லேயே அதற்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. சியாட்டில் பேண்டுகள் மெட்டலுக்கு எதிரிகள் என்ற கதையை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். அவர்களில் பாதிப்பேர், மெட்டலைத் தொடங்கிவைத்த பிரிட்டன் பேண்டான பிளாக் சபாத்தின் நேர் வாரிசுகள். அந்தப் பரம்பரைச் சொத்தை 80-களின் பிரபல மெட்டல் பேண்டுகள் பலவற்றைவிட ஒழுங்காகக் காப்பாற்றியவர்களும் அவர்களே.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 1991 மே மாதம் வரை அமெரிக்காவின் பில்போர்ட் ஆல்பம் பட்டியல், கடைக்காரர்கள் சொன்ன தகவலை வைத்துத் தயாரானது. எது நன்றாக விற்கிறது என்று அவர்கள் சொன்னால் அதுதான் பட்டியல். அந்த மாதம் சவுண்ட்ஸ்கேன் முறை வந்தது. கடையில் பார்கோடை ஸ்கேன் செய்யும்போதே விற்பனை பதிவாகத் தொடங்கியது. கடைக்காரர்கள் மதிக்காத இசையெல்லாம் உண்மையில் எவ்வளவு விற்கிறது என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. ஜூன் மாதம் ஸ்கிட் ரோவின் 'ஸ்லேவ் டு தி கிரைண்ட்' நேராக முதலிடத்தில் நுழைந்தது. ஆகஸ்டில் மெட்டாலிகாவின் கறுப்பு ஆல்பம் முதலிடத்துக்கு வந்து நான்கு வாரம் அங்கேயே இருந்தது. செப்டம்பரில் கன்ஸ் அண்ட் ரோஸஸின் இரண்டு 'யூஸ் யுவர் இல்யூஷன்' ஆல்பங்களும் ஒரே வாரத்தில் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தன. இவ்வளவும் நடந்த பிறகுதான் 1992 ஜனவரியில் 'நெவர்மைண்ட்' மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தை இறக்கிவிட்டு முதலிடத்துக்கு வந்தது. கனமான கிட்டார் இசை மொத்தமாக மேலே ஏறிய வருடம் அது. ஒன்று ஏற இன்னொன்று இறங்கிய வருடமாக அதைச் சொல்வது பின்னால் வந்தவர்கள் கட்டிய கதை.

'நெவர்மைண்ட்' ஆல்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தயாரித்தவர் புட்ச் விக், மிக்ஸ் செய்தவர் ஆண்டி வாலஸ். மிக்ஸ் செய்ய யாரைக் கூப்பிடலாம் என்று நிறுவனம் ஒரு பெயர்ப் பட்டியல் கொடுத்தபோது, வாலஸ் மெட்டல் பேண்டான ஸ்லேயருடன் வேலை செய்தவர் என்பதைப் பார்த்துத்தான் நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேன் அவரைத் தேர்ந்தெடுத்தார். மெட்டலைக் கொன்றதாகச் சொல்லப்படும் ஆல்பத்தின் டிரம்ஸ் சத்தத்துக்குப் பின்னால் இருந்த கை, ஸ்லேயரின் 'ரெய்ன் இன் பிளட்' ஆல்பத்தில் வேலை செய்த அதே கை.

வேர் எங்கே இருக்கிறது என்று பார்க்க பர்மிங்ஹாம் போகவேண்டும். சபாத்தின் கிட்டார் வாசிப்பாளர் டோனி அயோமி அந்த ஊர்க்காரர், இடதுகைக்காரர். பதினேழு வயதில் தகர ஆலையில் இயந்திரத்தில் சிக்கி, கிட்டாரின் கழுத்தில் அழுத்தவேண்டிய வலதுகையில் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் போயின. பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார், மெல்லிய கம்பிகளைப் போட்டுக்கொண்டார். 1971-இல் வந்த மூன்றாவது ஆல்பமான 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் கிட்டாரையே ஒன்றரை சுருதி கீழே இறக்கினார். கம்பி தளர்ந்தால் விரலுக்கு வலி குறைவு, கூடவே சத்தம் கனமாகிறது. மெட்டலின் கனம் என்று நாம் சொல்வதெல்லாம் இங்கே தொடங்கியது. வேகம் பிறகு வந்தது. பத்து வருடம் கழித்து பிரிட்டன் மெட்டலின் புதிய அலையும், த்ராஷ் என்ற அமெரிக்க அதிவேக மெட்டலும் வந்து வேகத்தையே மெட்டலின் அடையாளமாக்கின. சபாத்தின் மெதுவான, தரையில் இழுபடும் நடையைப் பெரிய மேடைகளில் எடுத்துச் செல்ல ஆளில்லாமல் போனது.

அதைக் கையில் எடுத்தவர்கள் பங்க்காரர்கள். 1984-இல் கலிஃபோர்னியாவின் பிளாக் ஃபிளாக் 'மை வார்' ஆல்பத்தை வெளியிட்டது. அதன் இரண்டாம் பக்கத்தில் மூன்றே பாடல்கள், ஒவ்வொன்றும் ஆறு நிமிடத்துக்கு மேல், சபாத் வேகத்தில். வேகமாக அடித்து நொறுக்கும் பேண்டு என்று நம்பி வந்த பங்க் ரசிகர்களுக்கு அது பெரிய ஏமாற்றம். ஆனால் வாஷிங்டன் மாநிலத்தின் சிறிய மரம்வெட்டி ஊர்களில் இருந்த சில பையன்களுக்கு அதுதான் வழிகாட்டி. மெல்வின்ஸ் அங்கேதான் உருவானது. பஸ் ஆஸ்போர்னின் கிட்டார், டேல் க்ரோவரின் டிரம்ஸ். இரண்டு அடிக்கு நடுவில் விடும் இடைவெளியே பாடலைத் தூக்கி நிறுத்தும் அளவுக்கு மெதுவான இசை. கோபேன் அவர்களின் தீவிர ரசிகர், அவர்கள் ஒத்திகை பார்க்கும் இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தவர். நிர்வாணாவில் டிரம்ஸ் வாசித்த டேவ் க்ரோலைக் கோபேனுக்கு அறிமுகப்படுத்தியவரும் ஆஸ்போர்ன்தான். மெல்வின்ஸின் 1991 ஆல்பமான 'புல்ஹெட்'டில் 'போரிஸ்' என்றொரு பாடல் இருக்கிறது. ஜப்பானின் போரிஸ் பேண்டு தன் பெயரை அங்கிருந்து எடுத்தது. இன்றைக்கு டூம், ஸ்லட்ஜ் என்று சொல்லப்படும் மெதுவான மெட்டல் வகைகளில் இந்த ஒரு பேண்டின் நிழல் விழாத இடம் கிடையாது. அவர்கள் பெயரை விட்டுவிட்டு கிரஞ்ச் (சியாட்டில் பேண்டுகளின் இசைக்கு வந்த பெயர்) வரலாறு எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே கோபம் வரும்.

டிராப் டி டியூனிங்கை சவுண்ட்கார்டனின் கிட்டார் வாசிப்பாளர் கிம் தாயிலுக்குக் காட்டிக்கொடுத்தவரும் ஆஸ்போர்ன்தான். கிட்டார் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மிகத் தடிமனான கம்பியை மட்டும் ஒரு முழு சுருதி இறக்கிவிடுவது. இதனால் தடிமனான மூன்று கம்பிகளையும் ஒரே விரலால் அழுத்தினாலே ஒரு பவர் கார்டு (கனமான ராக்கின் அடிப்படை ஸ்வரக்கூட்டு) வந்துவிடும். விரல் ஒன்றுதான் என்பதால் கழுத்து நெடுக வழுக்கிக்கொண்டு வேகமாக நகரலாம். 90-களின் கனமான ரிஃப்களில் (பாடலில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்குகளில்) எத்தனையோ இந்த ஒரு திருகலில் பிறந்தவை. 1987-இல் வந்த 'ஸ்க்ரீமிங் லைஃப்' என்ற சிறு தட்டில் 'நத்திங் டு சே' பாடலைக் கேட்டால், சவுண்ட்கார்டன் தன் குரலைக் கண்டுபிடித்த இடம் காதுக்கே தெரியும்.

கிம் தாயிலைப் பற்றிக் கொஞ்சம் பேசியே ஆகவேண்டும். பெற்றோர் கேரளத்திலிருந்து அமெரிக்கா போனவர்கள். அவர் சியாட்டிலில் பிறந்து, சிகாகோவை ஒட்டிய பார்க் ஃபாரஸ்டில் வளர்ந்தார். அங்கே கிடைத்த நண்பர்கள்தான் பின்னால் சவுண்ட்கார்டனின் முதல் பேஸ் வாசிப்பாளரான ஹிரோ யமமோட்டோவும், சப் பாப் நிறுவனத்தைத் தொடங்கிய புரூஸ் பாவிட்டும். மூவரும் வாஷிங்டன் மாநிலத்துக்குப் போனார்கள். தாயில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தார். 1984-இல் பாடகர் க்ரிஸ் கார்னெலுடன் சவுண்ட்கார்டன் தொடங்கியது. ராக் உலகின் முன்வரிசையில் ஒரு தென்னிந்தியக் குடும்பத்துப் பிள்ளை இவ்வளவு காலமாக நின்றிருக்கிறார், நம் ஊரில் அது எத்தனை பேருக்குத் தெரியும்? 2025-இல் சவுண்ட்கார்டன் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் நுழைந்தபோதாவது இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம்.

அவர் வாசிப்பைக் கேளுங்கள். கையில் கில்ட் எஸ்-100 கிட்டார். சோலோ என்றால் மற்றவர்கள் வேகம் காட்டுவார்கள், இவர் ஒரு ஸ்வரத்தை வளைத்துப் பிடித்து அது கதறும்வரை விடமாட்டார். 'அவுட்ஷைண்ட்', 'ஸ்பூன்மேன்' இரண்டும் ஏழு அடிக் கணக்கில் போகும் பாடல்கள். மிஸ்ர சாபு பழகிய காதுக்கு முதல் முறையிலேயே அது பிடிபட்டுவிடும். ஆனால் ஏழு அடி என்று திட்டமிட்டு அவர்கள் செய்யவில்லை. ரிஃபை எழுதிய பிறகுதான் என்ன தாளம் என்று எண்ணிப் பார்ப்பதாகத் தாயிலே சொல்லியிருக்கிறார். ப்ரோக்ரெஸிவ் பேண்டுகளுக்கும் சவுண்ட்கார்டனுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்பேன். ஒற்றைப்படைத் தாளத்தில் தலை தானாக ஆடும். எண்ணிக்கொண்டு கேட்கவேண்டிய அவசியமே வராது. அதற்குப் பாதிப் புகழ் டிரம்ஸ் வாசித்த மாட் காமரனுக்குச் சேரவேண்டும்.

மெட்டல்காரர்களே இவர்களை எப்படிப் பார்த்தார்கள்? மெட்டாலிகாவின் 'என்டர் சாண்ட்மேன்' ரிஃப் எப்படி வந்தது என்று கேட்டபோது, சவுண்ட்கார்டனின் 'லவுடர் தேன் லவ்' அப்போதுதான் வந்திருந்தது, அந்தப் பெரிய கனமான ரிஃப்களின் தன்மையைப் பிடிக்கப் பார்த்தேன் என்று அந்தப் பேண்டின் கிட்டார் வாசிப்பாளர் கிர்க் ஹாமெட் சொன்னார். மெட்டல் வரலாற்றில் அதிகம் விற்ற ஆல்பங்களில் ஒன்றின் முதல் பாடல், ஒரு சியாட்டில் பேண்டைக் கேட்டதால் வந்த ரிஃபில் தொடங்குகிறது. யார் யாரைக் கொன்றார்கள்? 1995 கிராமி விழாவில் சிறந்த மெட்டல் விருதுக்கு மெட்டல் பேண்டான பேன்டெராவின் பெயரும் பட்டியலில் இருந்தது. விருதை வாங்கியது 'ஸ்பூன்மேன்'. அதே இரவில் 'பிளாக் ஹோல் சன்' சிறந்த ஹார்ட் ராக் விருதையும் வாங்கியது. கிராமி முடிவுகளை நான் பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் மெட்டல் பிரிவிலேயே அந்த விருது அவர்களுக்குப் போனது என்பது முக்கியம்.

இரு தரப்பையும் இணைத்த ஆள் ஒருவர் உண்டு: டெர்ரி டேட். சியாட்டில் வட்டாரத்தில் வேலை செய்த தயாரிப்பாளர். சவுண்ட்கார்டனின் 'லவுடர் தேன் லவ்', 'பேட்மோட்டர்ஃபிங்கர்' இரண்டும் அவர் கையில் உருவானவை. அதே காலத்தில் பேன்டெராவின் 'கவ்பாய்ஸ் ஃப்ரம் ஹெல்', 'வல்கர் டிஸ்ப்ளே ஆஃப் பவர்' ஆல்பங்களும் அவருடையவை. சில வருடம் கழித்து டெஃப்டோன்ஸின் முதல் மூன்று ஆல்பங்களும் அவரிடமே வந்தன. ஒரே மனிதர் ஒரே காதோடு மைக் வைத்து, ஒரே மாதிரி டிரம்ஸ் பிடித்து இவர்கள் எல்லோரையும் பதிவு செய்திருக்கிறார். கடையில் இந்தத் தட்டுகள் வேறு வேறு அலமாரிக்குப் போயின, டிவியில் வேறு வேறு நிகழ்ச்சிக்குப் போயின. பதிவு அறைக்குள் சுவர் இருக்கவில்லை. தயாரிப்பாளர் டேவ் ஜெர்டனும் அப்படித்தான்: ஜேன்ஸ் அடிக்‌ஷன், ஆலிஸ் இன் செயின்ஸ், அதன் பிறகு 1993-இல் ஆந்த்ராக்ஸ்.

இனி ஆலிஸ் இன் செயின்ஸ். என் பதிலின் நடுப்புள்ளியே இவர்கள்தான்.

பாடகர் லேன் ஸ்டேலி இதே போன்ற பெயரில் முன்பு ஒரு கிளாம் பேண்டு வைத்திருந்தார். கிட்டார் வாசிப்பாளர் ஜெர்ரி காண்ட்ரெல், மைக் ஸ்டார், ஷான் கின்னியுடன் 1987-இல் புதிய பேண்டு உருவானது. தொடக்க நாட்களில் இவர்களும் அந்த அலங்காரத்தோடுதான் இருந்தார்கள். பேன்டெராவும் 80-களில் கிளாம் பேண்டாக ஆல்பங்கள் போட்டதுதான். கிளாம் வெளியிலிருந்து வந்த தாக்குதலால் மட்டும் விழவில்லை. உள்ளே இருந்த திறமைசாலிகளே அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். 1990-இல் முதல் ஆல்பம் 'ஃபேஸ்லிஃப்ட்'. 'நெவர்மைண்ட்' கடைக்கு வருவதற்கு முன்பே அது அமெரிக்காவில் 5 லட்சம் பிரதிகளுக்கான தங்கச் சான்றிதழ் வாங்கிவிட்டது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் மெட்டல் ரசிகர்கள் என்று தாராளமாகச் சொல்லலாம், ஏனென்றால் அந்தக் காலத்தில் இவர்கள் வான் ஹேலனுக்கு முன்னால் வாசித்தார்கள். 1991-இல் ஸ்லேயர், மெகாடெத், ஆந்த்ராக்ஸ் மூன்றும் சேர்ந்து போன 'கிளாஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்' சுற்றுப்பயணத்திலும் முதலில் மேடை ஏறியது இவர்களே.

அந்தச் சுற்றுப்பயணத்தில் ஸ்லேயருக்காகக் காத்திருந்த கூட்டம் இவர்கள்மேல் கையில் கிடைத்ததையெல்லாம் எறிந்தது. இவர்கள் இறங்கிப் போகவில்லை, வாசித்து முடித்தார்கள். அடுத்த வருடம் 'டர்ட்' ஆல்பத்தில் ஒரு சிறிய துணுக்கில் ஸ்லேயரின் டாம் அராயாவே வந்து குரல் கொடுத்தார். மெட்டல் உலகம் யாரையாவது தன்னவர் என்று ஏற்றுக்கொண்டதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

1992 செப்டம்பரில் வந்த 'டர்ட்'தான் அந்தப் பத்தாண்டின் மிகச் சிறந்த மெட்டல் ஆல்பம் என்பது என் உறுதியான கருத்து. 'வல்கர் டிஸ்ப்ளே' ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். முதல் பாடல் 'தெம் போன்ஸ்' முன்னுரை இல்லாமல் ஒரு அலறலோடு திறக்கிறது. ரிஃப் மீண்டும் ஏழு கணக்கு, ஆனால் சவுண்ட்கார்டன் போல உருளாது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படி குறைந்ததுபோல் தடுக்கி விழும். இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். அடுத்து 'டேம் தட் ரிவர்', மூச்சு விட நேரமே கிடையாது. 'ரூஸ்டர்' காண்ட்ரெலின் அப்பா வியட்நாம் போரில் பட்டதைப் பற்றி மகன் எழுதியது. போரிலிருந்து திரும்பிய அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில் விழுந்த விரிசல்தான் அந்தப் பாட்டின் அடியில் ஓடுவது. மெதுவாக, கிட்டத்தட்ட கிசுகிசுப்பில் தொடங்கி, கோரஸில் கிட்டார்கள் எழும்பும்போது அந்தக் கனத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. சத்தம் சத்தத்துக்காக வரவில்லை.

பிறகு அந்த இரட்டைக் குரல். மெட்டலில் ஒரு பாடகர் தனியாகக் கூவுவதும், கோரஸில் மற்றவர்கள் சேர்ந்து கத்துவதும்தான் வழக்கம். ஸ்டேலியும் காண்ட்ரெலும் வரிக்கு வரி இணையாகப் போவார்கள். ஒன்று கரகரத்து வெடிக்கும் குரல், மற்றது தட்டையான, குளிர்ந்த குரல். இரண்டும் சேரும்போது இனிமை வராது, ஒரு புளிப்பு வரும். எது முதன்மைக் குரல், எது துணை என்று பல இடங்களில் பிரிக்கவே முடியாது. பீட்டில்ஸ் காலத்திலிருந்தே ராக்கில் ஹார்மனி என்றால் ஆறுதல் தரும் விஷயம். அதைப் பயமுறுத்தும் விஷயமாக்கியவர்கள் இவர்கள். இவர்களுக்குப் பின் வந்த எத்தனையோ பேண்டுகள் ஸ்டேலியின் தொண்டையை நகல் எடுத்தன. அந்த இரண்டாவது குரலை யாராலும் நகல் எடுக்க முடியவில்லை. அதனால்தான் அந்த நகல்கள் எல்லாம் ஐந்து வருடத்தில் மறந்துபோயின.

ஸ்டேலியின் போதைப் பழக்கத்தை வைத்து இந்த ஆல்பத்தை ரொமான்டிக்காகப் பேசுவது எனக்குப் பிடிக்காது. 'டர்ட்'டின் இரண்டாம் பாதி அந்தப் பள்ளத்தை உள்ளிருந்து சொல்கிறது, யாரையும் அதற்குள் அழைக்கவில்லை. 2002 ஏப்ரல் 5-ஆம் தேதி, 34 வயதில் அவர் இறந்தார். எட்டு வருடம் முன்பு கோபேன் இறந்ததும் அதே தேதி.

மெட்டலுக்கு எதுவுமே ஆகவில்லை என்று நான் சொல்லமாட்டேன். த்ராஷின் இரண்டாம் வரிசைப் பேண்டுகள் பெரிய நிறுவனங்களின் ஒப்பந்தத்தை இழந்தன. எம்டிவியின் 'ஹெட்பேங்கர்ஸ் பால்' நிகழ்ச்சி 1995-இல் நிறுத்தப்பட்டது. ராப் ஹால்ஃபோர்ட் ஜூடாஸ் பிரீஸ்ட்டை விட்டும், ப்ரூஸ் டிக்கின்சன் அயர்ன் மெய்டனை விட்டும் வெளியேறினார்கள். ஆனால் கடைசி இரண்டும் பேண்டுகளின் உள்விவகாரம், சியாட்டிலுக்கு அதில் பங்கில்லை. முதல் இரண்டும் நிறுவனங்களும் சேனலும் எடுத்த முடிவு. பணம் இருக்கிற பக்கம் ஓடியவர்கள் செய்ததற்கு கிட்டார் வாசித்தவர்களைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. அதே வருடங்களில் ஃப்ளோரிடாவில் டெத் மெட்டல், நார்வேயில் பிளாக் மெட்டல், ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் மெலடிக் டெத் மெட்டல் என்று மெட்டல் தன் வரலாற்றிலேயே அதிகம் கிளைவிட்டுக்கொண்டிருந்தது. டிவியில் தெரியவில்லை, அவ்வளவுதான்.

1994-இன் முதல் மூன்று மாதத்தைப் பாருங்கள். ஜனவரியில் ஆலிஸ் இன் செயின்ஸின் 'ஜார் ஆஃப் ஃப்ளைஸ்' வந்து, பில்போர்டில் முதலிடத்தில் நுழைந்த முதல் சிறுதட்டு ஆனது. மார்ச் 8-ஆம் தேதி சவுண்ட்கார்டனின் 'சூப்பர்அன்நோன்', அதுவும் முதலிடம். இரண்டே வாரத்தில் பேன்டெராவின் 'ஃபார் பியாண்ட் டிரிவன்', அதுவும் முதலிடம். அந்தக் கடைசி ஆல்பத்தின் முடிவில் பேன்டெரா வாசித்தது சபாத்தின் 'பிளானட் காரவான்'. மெட்டல் செத்து இரண்டு வருடம் ஆனதாகச் சொல்லப்பட்ட நேரம் இது.

கலிஃபோர்னியா, நியூயார்க் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபெய்த் நோ மோர் 1989-லேயே 'தி ரியல் திங்' ஆல்பத்தில் சபாத்தின் 'வார் பிக்ஸ்' பாடலை வாசித்துவிட்டது. மைக் பாட்டனின் தொண்டைக்கு எல்லை கிடையாது, ஆல்டர்நேட்டிவ் மெட்டல் என்ற சொல்லுக்கு முதல் உரிமை அவர்களுக்கே. நியூயார்க்கின் ஹெல்மெட், ஜாஸ் படித்த பேஜ் ஹாமில்டனின் பேண்டு. 1992-இல் வந்த 'மீன்டைம்' ஆல்பத்தில் டிராப் டி ரிஃபைத் துண்டு துண்டாக வெட்டி, நடுவில் முழு மௌனம் விட்டார்கள். பின்னால் ராப்பைக் கலந்துகொண்டு வந்த நூ மெட்டல் முழுவதும் அந்த வெட்டைத்தான் கடன் வாங்கியது, ஆனால் மௌனத்தை விட்டுவிட்டது. கோர்னின் 1994 முதல் ஆல்பம் உண்மையான வலி உள்ள ஆல்பம்; ஏழு கம்பி கிட்டாரைப் பரவலாக்கியதும் அவர்கள். அவர்களைப் பார்த்துக் கிளம்பிய கூட்டத்தில் பெரும்பாலோர்மேல் எனக்கு ஆர்வம் இல்லை.

டூல் ரசிகர்கள் கோபிக்கவேண்டாம், 'லேட்டரலஸ்'ஸைவிட 1996-இன் 'ஈனிமா'தான் பெரிய ஆல்பம். 'லேட்டரலஸ்' பாடலில் ஃபிபனாச்சி எண் வரிசையில் அசைகளை அடுக்கியது அழகான வேலை, ஆனால் 'ஈனிமா'வில் இருக்கும் கோபம் அதில் இல்லை. டேனி கேரி தபலா கற்றவர் என்பது அவர் டிரம்ஸில் நன்றாகக் கேட்கும். வலதுகை ஒரு கணக்கில் போக, இடதுகை வேறொன்றைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

டெஃப்டோன்ஸ் தனி ரகம். கிட்டார் வாசிக்கும் ஸ்டீஃபன் கார்பென்டருக்கு மெஷுகா போன்ற இரும்புக் கனம் வேண்டும். பாடும் சீனோ மொரேனோவுக்கு தி க்யூர், டெபெஷ் மோட் போன்ற மூடுபனி வேண்டும். இருவரும் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். அந்த இழுபறி அதிகபட்ச விசையில் இருந்த தருணம் 2000-இல் வந்த 'வைட் போனி'. அந்த ஆல்பத்தின் 'எலீட்' 2001-இல் மெட்டல் கிராமி வாங்கியது. கூடவே வந்த நூ மெட்டல் பேண்டுகள் காலாவதியான பிறகும் இவர்கள் நிற்பதற்குக் காரணம், கனத்தையும் மென்மையையும் அடுத்தடுத்து வைக்காமல் ஒரே நொடியில் ஒன்றாக ஒலிக்கவிட்டதுதான்.

கடைசியாக ஒரு சான்று. 2025 ஜூலை 5-ஆம் தேதி பர்மிங்ஹாமின் வில்லா பார்க்கில் சபாத்தின் நான்கு பேரும் விடைபெற்ற நிகழ்ச்சி நடந்தது. சபாத்தின் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் சிம்மாசனத்தில் உட்கார்ந்து பாடினார். பதினேழு நாளில் காலமானார். மெட்டாலிகா, ஸ்லேயர், பேன்டெரா, ஆந்த்ராக்ஸ் எல்லோரும் இருந்த அதே மேடையில் ஆலிஸ் இன் செயின்ஸும் டூலும் வாசித்தார்கள். ஆலிஸின் பேஸ் வாசிப்பாளர் மைக் ஐனெஸ் முன்பு ஆஸியின் பேண்டிலேயே வாசித்தவர். ஸ்மாஷிங் பம்ப்கின்ஸின் பில்லி கார்கன் ஜூடாஸ் பிரீஸ்ட் பாடலைப் பாடினார். முழு நிகழ்ச்சிக்கும் இசைப் பொறுப்பு ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷினின் டாம் மொரெல்லோ. மெட்டலின் மிகப் பெரிய வழியனுப்பு விழாவை நடத்திக்கொடுத்தவர் ஒரு ஆல்டர்நேட்டிவ் ராக் கிட்டார்காரர். எனவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு: ஆலிஸ் இன் செயின்ஸ் மெட்டல்தான். சவுண்ட்கார்டன் 'பேட்மோட்டர்ஃபிங்கர்' வரை மெட்டல், அதன் பிறகு எந்த அலமாரியிலும் அடங்காத ஒரு பேண்டு. நிர்வாணா மெட்டல் கிடையாது, ஆனால் மெட்டலுக்கு எதிரியும் கிடையாது.

தொடங்கும் இடம் நீங்கள் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மெட்டாலிகா, மெய்டன் கேட்டு வளர்ந்தவர் என்றால் நேராக 'டர்ட்'. மெல்லிசையும் பாப்பும் பழகியவர் என்றால் 'ஜார் ஆஃப் ஃப்ளைஸ்'. அரைமணி நேரம்தான், ஒரே வாரத்தில் எழுதிப் பதிவு செய்தார்கள், பெரும்பாலும் அகூஸ்டிக் கிட்டார். அதற்குப் பிறகு மெல்வின்ஸின் 'ஹௌடினி', அங்கிருந்து நேராக 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'. இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் நான் மேலே சொன்ன பரம்பரைக்கு விளக்கமே தேவைப்படாது.

சவுண்ட்கார்டனில் எதை முதலில் கேட்பது என்றால் எல்லோரும் 'சூப்பர்அன்நோன்' என்பார்கள். பாடல்களாகப் பார்த்தால் அதுதான் முழுமையானது, மறுக்கவில்லை. நான் 'பேட்மோட்டர்ஃபிங்கர்' என்பேன். 'ரஸ்டி கேஜ்' தொடக்கத்தில் தாயிலின் கிட்டார் சீறுவதையும், பாதிக்கு மேல் அந்தப் பாடல் திடீரென்று வேகம் குறைந்து சபாத் நடைக்குள் இறங்குவதையும் கேளுங்கள். 'ஜீஸஸ் க்ரைஸ்ட் போஸ்' பாடலில் காமரனின் கைகள் ஆறு நிமிடம் ஓயாமல் ஓடும்போது கார்னெல் அதற்கும் மேலே ஏறிப் பாடுவதைக் கேளுங்கள். மனிதத் தொண்டை போகக்கூடிய உயரம் என்று நாம் வைத்திருக்கும் கணக்கை அவர் அங்கே தாண்டுகிறார், ஸ்வரம் மட்டும் பிசகவே இல்லை.